ஆசிரியருக்கு ஆசிரியர் யார்?



ரப்பர் தோட்டத்துக்குப் புதிதாக வேலைக்கு வரும் ஒருவரிடம் கத்தியைக் கொடுத்து, "போய் மரத்தை வெட்டு" என்று யாரும் அனுப்பிவிடுவதில்லை. பழகிய கை ஒன்று பக்கத்தில் நிற்கும். பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம், கோடு எந்தச் சரிவில் இறங்க வேண்டும், கத்தியை எப்படித் தீட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுக்கும். கத்தி ஓர் இழை ஆழமாக இறங்கிவிட்டால் மரத்துக்குக் காயம் பட்டுவிடும். அந்தக் காயம் ஆறிய இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மீண்டும் வெட்ட வருகிறவர், முன்னவர் செய்த பிழையைத் தம் கத்தியின் முனையில் உணர்வார்.

தேயிலை மலையிலும் இப்படித்தான். எந்தக் கொழுந்தைக் கிள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதைப் புதிதாக வந்த பெண்ணுக்கு முன்வரிசையில் நிற்கும் அக்காளோ சின்னம்மாவோதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஒரு மரத்துக்கும் ஒரு செடிக்கும் இவ்வளவு கவனம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இருபது, இருபத்திரண்டு வயதில் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ பள்ளிக்கூடத்துக்குப் புதிய ஆசிரியராக வந்து சேர்ந்தால் என்ன செய்கிறோம்? கையில் ஒரு பாடப்புத்தகத்தைக் கொடுக்கிறோம். முன்னால் நாற்பது பிள்ளைகளை உட்கார வைக்கிறோம். கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறோம். அந்த ஆசிரியருக்குப் பக்கத்தில் நிற்பவர் யார்? ஆசிரியருக்கு ஆசிரியர் யார்?

இந்தக் கேள்விக்கு ஒரு நாடு எப்படி விடை தேடியது என்பதை இன்றைய பேச்சில் பார்ப்போம். அந்த நாடு சிங்கப்பூர். அதன் வரலாற்றில், பாடத்திட்டம் வகுப்பதையும் புதிய ஆசிரியர்களை உருவாக்குவதையும் தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒரு பெண்மணி இருக்கிறார். அவர் பெயர் ரூத் வோங் ஹீ கிங். அவரைப் பற்றிச் சொல்லுமுன், அவர் காலத்துச் சிங்கப்பூரின் நிலைமையை அறிந்துகொள்வது நல்லது. அதற்காக, முதலில் காத்தோங் என்னும் வட்டாரத்துக்குப் போய் வருவோம்.

காத்தோங் சிங்கப்பூரின் கிழக்குக் கரைப் பக்கம் உள்ளது. தமிழர்கள் என்றால் சிராங்கூன் சாலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். காத்தோங்கிலும் தமிழருக்கு ஒரு பழைய உறவு உண்டு. இங்கே ஒரு தெருவின் பெயரே சிலோன் சாலை. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்த தமிழர்கள் போற்றி வளர்த்த ஸ்ரீ செண்பக விநாயகர் கோயில் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு செண்பக மரத்தடியில் தொடங்கிய வழிபாடு அது.

தோட்டத்துக் குடும்பங்கள் காத்தோங்கை அறிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. இந்த இடமும் ஒரு காலத்தில் தோட்டமாகவே இருந்தது. கடற்கரை மணலில் கண்ணுக்கெட்டிய தூரம் தென்னை மரங்கள் நின்றன. சிங்கப்பூரின் போலீஸ் கமிஷனராக இருந்து 1871இல் ஓய்வு பெற்ற தாமஸ் டன்மன் என்னும் ஆங்கிலேயருக்கு இங்கே குரோவ் எஸ்டேட் என்ற பெரிய தென்னந்தோட்டம் இருந்தது. டன்மன் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தென்னை நின்ற அந்த மண்ணில் பிறகு பள்ளிக்கூடங்கள் முளைத்தன. 1930இல் காத்தோங் கான்வென்ட் தொடங்கியது. 1933இல் ஆண் பிள்ளைகளுக்காகச் செயின்ட் பாட்ரிக் பள்ளி வந்தது. போர் முடிந்தபின் 1947இல் சுங் செங் என்னும் சீன உயர்நிலைப் பள்ளி குட்மன் சாலைக்கு இடம் மாறி வந்தது. 1953இல் தஞ்சோங் காத்தோங் பெண்கள் பள்ளி. 1956இல் டன்மன் அரசாங்கச் சீன நடுநிலைப் பள்ளி. அதே ஆண்டில் தஞ்சோங் காத்தோங் தொழில்நுட்பப் பள்ளி. ஒரு சிறிய வட்டாரத்துக்குள் ஆங்கிலப் பள்ளி, சீனப் பள்ளி, தொழில்நுட்பப் பள்ளி என்று எத்தனை வகை பாருங்கள். முன்பு தோட்டத்துக்கு ஆள் தேடிய மண், இப்போது வகுப்பறைக்கு ஆசிரியர் தேடியது.

நேயர்களே, இது காத்தோங்கின் தேவை மட்டும் அன்று. 1957ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிங்கப்பூரின் மக்கள் தொகை ஏறத்தாழ 14 லட்சத்து 45 ஆயிரம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 21 வயதைத் தாண்டாதவர்கள். 1959இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. அதன்பின் மளமளவென்று பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன. அப்போதும் இடம் போதவில்லை. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளி, பிற்பகலில் ஒரு பள்ளி என்று இரண்டு வேளையாக நடத்தினார்கள். 1960களின் இறுதியில் மாணவர் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியது.

சுவரைச் சில மாதங்களில் எழுப்பிவிடலாம். ஓர் ஆசிரியரை அப்படி எழுப்பிவிட முடியுமா?

1950இல் சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நிறுவப்பட்டது. தொடக்கத்தில் ஆங்கிலப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தயார் செய்த அந்தக் கல்லூரி, 1950களின் பிற்பகுதியிலிருந்து சீனம், மலாய், தமிழ் ஆகிய மொழிகளில் கற்பிப்பவர்களுக்கும் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. 1956இல் அனைத்துக் கட்சிக் குழு ஒன்று, நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்ததே இந்த மாற்றத்துக்கு வழி செய்தது.

ஆனால் பள்ளிகளில் ஆசிரியர் தேவை அவசரமாக இருந்தது. ஆகவே பயிற்சி பெற வந்தவர்களில் மிகப் பலர் அப்போதே வேலையிலும் இருந்தார்கள். ஒரு வேளை பள்ளியில் வகுப்பு நடத்துவார்கள். மறுவேளை கல்லூரிக்கு ஓடிவந்து, கற்பிப்பது எப்படி என்று பாடம் கேட்பார்கள். நீச்சல் தெரியாதவரை ஆற்றில் இறக்கிவிட்டு, மாலையில் கரையேற்றி நீச்சலைப் பற்றிச் சொற்பொழிவு செய்வது போன்ற நிலைமை அது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்த இளைஞர்கள் இல்லையென்றால் பல லட்சம் பிள்ளைகளுக்குப் பள்ளியே இருந்திராது. ஆயினும் இரண்டு வேளையும் உழைத்துக் களைத்தவருக்கு, "இன்றைய பாடம் பிள்ளைகளுக்கு ஏன் புரியவில்லை?" என்று உட்கார்ந்து யோசிக்க நேரம் எங்கே இருக்கும்?

பாடப்புத்தகத்திலும் ஒரு குறை இருந்தது. நெடுங்காலமாகச் சீனப் பள்ளிகளின் புத்தகங்கள் சீனாவிலிருந்தும், தமிழ்ப் பள்ளிகளின் புத்தகங்கள் சென்னை மாகாணத்திலிருந்தும், ஆங்கிலப் பள்ளிகளின் புத்தகங்கள் இங்கிலாந்திலிருந்தும் வந்தன. பனிமழை பெய்வதைப் பார்த்தறியாத பிள்ளை பனிமழையைப் பற்றிப் படித்தது. தன் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தைப் பற்றியோ தன் தகப்பன் செய்யும் வேலையைப் பற்றியோ புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. மலாயாத் தோட்டப் பள்ளியில் படித்த பழைய தலைமுறையினருக்கு இது புதிய செய்தியல்ல. மலாயாவில் 1956இல் வெளிவந்த ரசாக் அறிக்கை, எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான பாட உள்ளடக்கம் வேண்டும் என்றது. சிங்கப்பூரிலும் 1959க்குப் பிறகு நான்கு மொழிகளுக்கும் பொதுவான பாடத்திட்டங்கள் வகுக்கப்பட்டன. அவரவர் மொழியில் படித்தாலும், தாம் வாழும் மண்ணைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பது நோக்கம்.

அந்தக் காலத்தில் தமிழ்க் கல்விக்காகத் தமிழர்களும் கை கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1935இல் தமிழ் முரசு நாளிதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் "தமிழ் எங்கள் உயிர்" என்னும் பெயரில் ஒரு நிதி திரட்டினார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும், அங்கே தமிழ் நூலகம் அமைய வேண்டும் என்பது அவர் முயற்சி. தொழிலாளர்களும் சிறு கடைக்காரர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். 1956இல் அங்கே இந்திய இயல் துறை தொடங்கியது. 1959இல் அந்தத் துறை கோலாலம்பூருக்கு இடம் பெயர்ந்தது. பின்னாளில் எத்தனையோ தமிழாசிரியர்கள் அந்தத் துறையில் படித்து வந்தார்கள். அவர்கள் கையில் எடுத்த புத்தகங்களில், கூலி வேலை செய்த மனிதர்களின் காசும் கலந்திருந்தது.

இப்போது ரூத் வோங் அம்மையாரிடம் வருவோம்.

அவர் 1918இல் சிங்கப்பூரில், சீன நாட்டின் பூச்சௌ வட்டாரத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். கணிதம் அவருக்குப் பிடித்த பாடம். பள்ளி ஆசிரியராகத்தான் தம் பணியைத் தொடங்கினார். பிறகு வெளிநாடு சென்று மேற்படிப்புப் படித்தார். 1962இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் நம் பகுதியில் ஒரு பெண் அவ்வளவு தூரம் படித்தது அபூர்வம்.

பட்டம் பெற்ற பின் அவர் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மலேசியாவின் இடைநிலைப் பள்ளிகளுக்குப் பட்டதாரி ஆசிரியர்களைத் தயார் செய்வது அந்தத் துறையின் வேலை. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு படித்து, தோட்டத்திலிருந்து பஸ் ஏறி இடைநிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் சந்தித்தது இத்தகைய பட்டதாரி ஆசிரியர்களைத்தான். ஆகவே இந்த அம்மையாரின் பணி தோட்டத்து வாழ்க்கைக்கு முற்றிலும் அந்நியமானது அன்று.

1969இல் அவர் சிங்கப்பூருக்குத் திரும்பினார். கல்வி அமைச்சில் ஆராய்ச்சி இயக்குநரானார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1973 ஏப்ரல் முதல் நாள், அந்தக் கல்லூரி கல்விக் கழகம் என்னும் புதிய நிறுவனமாக மாறியபோது, அதன் முதல் இயக்குநராக அவரே அமர்ந்தார். 1976 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1982இல் காலமானார். இயக்குநராக இருந்தது மூன்று ஆண்டுகள்தாம். ஆனாலும் சிங்கப்பூரில் ஆசிரியர் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. அவர் நினைவாகச் சொற்பொழிவுத் தொடர் ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது.

அப்படி அவர் என்னதான் செய்தார்?

பயிற்சிக் கல்லூரிகளில் உலகெங்கும் ஒரு வழக்கம் இருந்தது. கல்வித் தத்துவம் ஒரு பாடம், குழந்தை உளவியல் ஒரு பாடம், கற்பிக்கும் முறை ஒரு பாடம் என்று தனித்தனியாக விரிவுரை நடக்கும். மாணவ ஆசிரியர் எல்லாவற்றையும் குறிப்பெடுத்து, மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதித் தேறிவிடுவார். வகுப்பறைக்குள் நுழைந்ததும் பின்வரிசையில் ஒரு பையன் மேசையைத் தட்டுவான். அப்போது எந்த விரிவுரையும் நினைவுக்கு வராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

ரூத் வோங் இந்தத் தனித்தனி அறைகளுக்கு நடுவில் இருந்த சுவர்களை இடிக்க முயன்றார். படித்ததும் பள்ளியில் செய்வதும் ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்றார். கற்பித்தலை ஆராய்ச்சியோடு சேர்த்தார். அவருடைய திட்டத்தின் சாரத்தை மூன்று சொற்களில் அடக்கலாம்: அறிவு, திறன், தான். ஆசிரியருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். அது அறிவு. தெரிந்ததைப் பிள்ளைக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லவேண்டும். அது திறன். மூன்றாவதுதான் புதுமை. ஆசிரியர் தம்மைத் தாமே அறிந்து வளர்த்துக்கொள்ள வேண்டும். தம் பொறுமை எவ்வளவு, கோபம் எப்போது வருகிறது, எந்தப் பிள்ளையைத் தாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆசிரியரிடம் வளர்ச்சி இல்லையென்றால் மாணவருக்கு அதை எங்கிருந்து பரிமாறுவது?

அக்காலத்தில் பல நாட்டுக் கல்லூரிகளுக்குப் பரவிய ஒரு பயிற்சி முறையை இங்கே சொல்ல வேண்டும். நுண்கற்பித்தல் என்று அதற்குப் பெயர். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. புதிய ஆசிரியர் முழு வகுப்பையும் எடுக்காமல், நாலைந்து பேருக்கு ஐந்து அல்லது பத்து நிமிடம் மட்டும் ஒரு சிறு பாடம் நடத்துவார். ஒரு திறனை மட்டும் பழகுவார். கேள்வி கேட்பது ஒரு நாள். எடுத்துக்காட்டுச் சொல்வது ஒரு நாள். மூத்தவர் ஒருவர் உடன் இருந்து பார்த்து, "கேள்வி கேட்டதும் விடையையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள், பிள்ளை யோசிக்கட்டும்" என்று எடுத்துச் சொல்வார். புதியவர் அதைத் திருத்திக்கொண்டு மறுபடி நடத்திக் காட்டுவார். ரப்பர் தோட்டத்தில் பழகிய கை பக்கத்தில் நின்று கற்றுக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆசிரியர் தயாராகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் இருக்கும் பாடத்திட்டம் சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதையும் சிங்கப்பூர் கண்டுகொண்டது. 1979இல் கோ கெங் சுவீ தலைமையிலான குழுவின் அறிக்கை வெளிவந்தது. தேர்வெழுதிய பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு மொழியிலோ இரு மொழியிலோ தேறவில்லை என்ற கசப்பான செய்தி அதில் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்று வகுத்த பாடத்திட்டம் பலரை வழியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தது.

அடுத்த ஆண்டு, 1980இல், சிங்கப்பூர்ப் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. அங்கே அனுபவமுள்ள ஆசிரியர்கள் குழுவாக அமர்ந்து பாடநூல், பயிற்சி நூல், ஆசிரியர் கையேடு, படங்கள் எல்லாவற்றையும் உருவாக்கினார்கள். தமிழ்ப் பாடநூல்களும் அங்கே உருவாயின.

அந்தக் கழகத்தின் கணிதக் குழு செய்த ஒரு வேலை உலகப் புகழ் பெற்றது. கோ தெக் ஹொங் என்பவர் தலைமையில் 1980களில் உருவான அந்த முறைக்கு மாதிரிப் பட முறை என்று பெயர் சொல்லலாம். முதலில் பிள்ளை கையில் தொட்டு எண்ணும் பொருள். அடுத்து அதன் படம். கடைசியில்தான் எண்ணும் குறியும். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் கருத்துகளை அடியொற்றிய முறை இது.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். வீட்டில் பென்சிலும் தாளும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அக்காள் பறித்த கொழுந்து, தங்கை பறித்ததைப் போல மூன்று மடங்கு. இருவரும் சேர்ந்து பறித்தது 24 கிலோ. தங்கை பறித்தது எவ்வளவு? இதை எழுத்திலும் குறியிலும் செய்யச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளை திகைக்கும். படமாக வரையச் சொல்லுங்கள். தங்கைக்கு ஒரு பெட்டி. அக்காளுக்கு அதே அளவில் மூன்று பெட்டி. மொத்தம் நான்கு பெட்டி. நான்கு பெட்டியும் சேர்ந்து 24 கிலோ என்றால் ஒரு பெட்டி 6 கிலோ. தங்கை பறித்தது 6 கிலோ, அக்காள் பறித்தது 18 கிலோ. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இந்தப் படத்தைப் பார்த்துப் பிள்ளையோடு பேசலாம். 1995இல் பல நாடுகள் கலந்துகொண்ட அனைத்துலகக் கணிதத் தேர்வில் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் முதலிடம் பெற்றபோது, உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்த வெற்றியைப் பெட்டி வரைந்த புத்தகம் தனியாகப் பெற்றுத் தரவில்லை. அந்தப் பெட்டியை எப்போது வரைய வேண்டும், எப்போது பிள்ளையையே வரைய விட வேண்டும் என்று தெரிந்த ஆசிரியர்கள் இருந்தார்கள்.

பாடத்திட்டம் என்பது வரைபடம். வண்டி ஓட்டுபவர் ஆசிரியர். புதிதாக ஓட்டுபவருக்கு வழி தெரிந்த ஒருவர் துணை வேண்டும். இதைச் சிங்கப்பூர் பிற்காலத்தில் ஒரு முறையாகவே ஆக்கிக்கொண்டது. 1991இல் கல்விக் கழகமும் உடற்கல்விக் கல்லூரியும் இணைந்து தேசியக் கல்விக் கழகம் ஆயின. இன்று அங்கே பயிற்சி முடித்துப் பள்ளிக்கு வரும் புதிய ஆசிரியருக்குப் பாடவேளைகளைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். மூத்த ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்துகிறார்கள். வழிகாட்டி வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். புதியவரும் வழிகாட்டியின் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்ப்பார்.

எல்லாம் இன்பமாகவே முடிந்தது என்று சொன்னால் வரலாறு ஆகாது. தமிழுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 1946இல் கடையநல்லூர் முஸ்லிம்கள் சிங்கப்பூரில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர் அந்தப் பள்ளிக்கு. 1960இல் அது தமிழ் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. கணிதமும் அறிவியலும் தமிழிலேயே கற்கலாம் என்று காட்டிய பள்ளி அது. ஆனால் வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஆங்கிலமே வழி என்ற நிலையில், பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர்கள் இருந்தும் மாணவர் குறைந்துகொண்டே வந்தனர். 1982இல் பள்ளி மூடப்பட்டது.

பெயர் மட்டும் அழியவில்லை. 1983இல் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் தொடங்கியது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் அங்கே வந்து தமிழ் படித்தார்கள். 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, பிள்ளைகள் பேசும் தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. வீட்டில் தமிழ் குறைந்துவிட்ட இடத்தில், தமிழாசிரியர் எழுத்தோடு பேச்சையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. முன்பு ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் சுமந்த பாரத்தை இப்போது தனித்தனித் தமிழாசிரியர்கள் சுமக்கிறார்கள். அவர்களுக்குத் துணை நிற்பதுதான் இன்றைய பெரிய தேவை.

நேயர்களே, சிங்கப்பூர் ஒரு பணக்கார நகரம், நம் தோட்டப் பள்ளி எங்கே, அது எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மலாயாவில் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று சட்டம் சொன்ன காலத்தில், பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். மாட்டுத் தொழுவத்துக்கும் ஆயாக் கொட்டகைக்கும் நடுவில் ஓர் ஓலைக் கூரை, ஒரே அறையில் பல வகுப்புகள். இலங்கை மலையகத்திலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. 1970களில் தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கிய பின்னரும், பயிற்சி பெற்ற தமிழ் ஆசிரியர்கள் கிடைப்பது அரிதாக இருந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்கு மலையகம் கண்ட விடை ஒன்று நம் கவனத்துக்கு உரியது. 1990களின் தொடக்கத்தில் கொட்டகலைக்கு அருகில் பத்தனையில், ஜெர்மன் நாட்டு உதவியோடு ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர்களும் பெண்களும் அங்கே பயிற்சி பெற்று, தோட்டப் பிள்ளைகளுக்கே ஆசிரியர்களாக வந்தார்கள். லயத்து வாழ்க்கையை அறிந்த ஆசிரியருக்கு, பிள்ளை ஏன் வகுப்பில் தூங்குகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரூத் வோங் அம்மையாரின் பணியிலிருந்து தோட்டப் பள்ளி எடுத்துக்கொள்ளக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. புதிய ஆசிரியரின் வகுப்பில் தலைமையாசிரியர் வாரம் ஒரு முறை உட்காரலாம். குறை கண்டுபிடிக்க அன்று, கூட இருக்க. பக்கத்துப் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதம் ஒரு முறை கூடி, எந்தப் பாடம் பிள்ளைகளுக்குக் கடினமாக இருந்தது என்று பேசலாம். மாற்றலாகிப் போகும் ஆசிரியர், தாம் கண்டறிந்ததை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டுப் போகலாம். அடுத்து வருபவர் முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டியிராது.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. புதிய ஆசிரியர் வந்தால், "இவர் எத்தனை நாளைக்கோ" என்று பேசாதீர்கள். போய்ப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். விடியுமுன் வேலைக்குப் போகும் வீடு என்பதையும், தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள்தான் என்பதையும் சொல்லுங்கள். எந்தப் பயிற்சிக் கல்லூரியும் கற்றுக் கொடுக்க முடியாத பாடம் அது. அதைக் கற்றுக் கொடுக்க உங்களால் மட்டுமே முடியும். அந்த ஒரு பாடத்தில், ஆசிரியருக்கு ஆசிரியர் நீங்கள்தாம்.

பால்மரத்தின் காயம் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிகிறது. பிள்ளையின் மனத்தில் படும் காயமும் அப்படியே. "உனக்குக் கணக்கு வராது" என்று முதல் ஆண்டில் களைத்துப்போன ஓர் ஆசிரியர் சொன்ன ஒரு சொல், அந்தப் பிள்ளையைப் பள்ளியிலிருந்தே விலக்கிவிடலாம். அந்தச் சொல்லைச் சொல்லும் நிலைக்கு ஆசிரியரைத் தனியாக விட்டுவிடாமல் இருப்பது ஊரின் கடமை. இதற்காகத்தான் ஒரு கணித ஆசிரியை தம் வாழ்நாளைச் செலவிட்டார்.